காது கொடுக்கச் சொல்லும் சட்டம்

ஒரு குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் போலீஸ் அதிகாரி காக்கி உடுப்பில் இருக்கக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டுக்கோ, அது விரும்பும் வேறு இடத்துக்கோ அதிகாரிதான் போக வேண்டும். கூடியவரை அவர் பெண்ணாகவும், சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில் உள்ளவராகவும் இருக்க வேண்டும். குழந்தை சொல்கிறபடியே எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ, குழந்தை நம்புகிற வேறு யாரோ பக்கத்தில் இருக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் அதன் கண்ணில்கூடப் படக் கூடாது. என்ன காரணம் சொன்னாலும் சரி, ராத்திரியில் ஒரு குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

யாரோ நல்ல மனசுக்காரர் சொன்ன யோசனை என்று இதை நினைத்துவிட வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் எல்லோரும் ‘போக்சோ’ என்று சொல்கிற சட்டத்தின் 24, 26-வது பிரிவுகளில் இருப்பவை இவை. 2012 நவம்பர் 14-ம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. இன்றைக்குப் பேப்பரைப் பிரித்தால் ‘போக்சோவில் கைது’ என்று ஒரு செய்தியாவது இல்லாத நாள் குறைவு. கைது, ஜாமீன் மறுப்பு, ஆயுள், தூக்கு என்ற வரிசையில்தான் நம் மனசில் இந்தச் சட்டம் பதிந்திருக்கிறது. உட்கார்ந்து முழுவதையும் படித்தால், தண்டனைக்கு ஒதுக்கிய இடத்துக்குக் குறையாத இடத்தை அது வேறொன்றுக்கு ஒதுக்கியிருப்பது தெரியும். ஒரு குழந்தை பேசினால் பெரியவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று அது வரி வரியாகச் சொல்கிறது. இந்தச் சட்டத்தின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நாம் மிக அலட்சியமாகக் கடந்துபோவதும் அந்தப் பகுதியைத்தான்.

2012-க்கு முன்னால் பெரியவர்களை மனசில் வைத்து எழுதிய தண்டனைச் சட்டப் பிரிவுகளைக் கொண்டுதான் பெரும்பாலும் குழந்தைகளின் வழக்குகளையும் ஓட்ட வேண்டியிருந்தது. கோவா மட்டும் 2003-லேயே குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. மற்ற இடங்களில், பாதிக்கப்பட்டது ஆண் பிள்ளை என்றால் 377-வது பிரிவை விட்டால் பெரிதாக வழியே கிடையாது. 2007-ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம் பேர், ஆண் பிள்ளைகள். பெரும்பாலான குழந்தைகள் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. ஐந்து வருஷம் கழித்து வந்த சட்டம், 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லோரையும் ‘குழந்தை’ என்று ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. பையனைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். ‘ஆம்பளப் புள்ளதானே, என்ன ஆயிடப்போகுது’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

அடுப்படியில் ஆரம்பிக்கும் வழக்கு

நாலாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள்.

‘அம்மா, நாளையிலேர்ந்து டியூஷன் வேண்டாம்மா.’

‘ஏன்டி, பரீட்சை வருதுல்ல?’

‘வயிறு வலிக்குது.’

‘டியூஷனுக்குப் போற நேரத்துக்கு மட்டும் கரெக்டா வலிக்குமே உனக்கு!’

பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தலை பின்னும்போது, ‘அந்த அண்ணா லைட்ட நிறுத்திட்டு பக்கத்துல வந்து உட்கார்றாங்கம்மா’ என்கிறது குழந்தை. அம்மாவின் கை நின்றுபோகிறது.

இனி அந்த வீட்டில் நடப்பதில்தான் பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. பாட்டி, ‘மெதுவாப் பேசுங்க, வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு கட்டிப்பா’ என்பாள். அப்பா, ‘அவன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறேன்’ என்று கத்துவார். ஒன்று பயம், இன்னொன்று பாசம். நடுவில் நிற்கிற குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: தான் வாயைத் திறந்ததால்தான் வீடு இப்படி ஆகிவிட்டது. அடுத்த நாள் கேட்டால், ‘நான் சும்மா சொன்னேன்’ என்று சொல்லிவிடும். மிரட்டியவன் செய்ய முடியாமல் போனதைக்கூட இந்தக் கலவரம் செய்து முடித்துவிடும்.

குழந்தையைக் குடைந்து குடைந்து கேட்க வேண்டியதில்லை. மொபைலில் வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போடவே கூடாது. ‘நல்லவேளை சொன்னே. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. இனிமே நான் பார்த்துக்கறேன்’ என்ற மூன்று வாக்கியம் போதும். மிச்சத்தைக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் சட்டம் பெரியவர்களின் கையைப் பிடிக்கிறது. 19-வது பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிராக இப்படிப்பட்ட குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும். பெற்றோர், ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், லாட்ஜ் மேனேஜர் யாருக்கும் விலக்கு இல்லை. சொல்லாமல் மறைத்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது, அதற்காகச் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. குழந்தை மட்டும் இந்தத் தண்டனைக்கு வெளியே நிற்கிறது. சொல்லாமல் இருந்ததற்காக ஒரு குழந்தையை யாரும் தண்டிக்க முடியாது.

பள்ளிக்கூடங்கள் இந்தப் பிரிவை எப்படி நடத்துகின்றன என்பதற்கு 2024 ஆகஸ்டில் வெளியே வந்த கிருஷ்ணகிரி வழக்கு ஒன்றே போதும். தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம் நடந்தது. அங்கே சிறுமிகளுக்குக் கொடுமை நேர்ந்தது. விஷயம் பள்ளி நிர்வாகத்தின் காதுக்குப் போயும் அவர்கள் போலீஸுக்குச் சொல்லவில்லை என்ற புகாரில், முகாம் நடத்தியவரோடு பள்ளி முதல்வர் உள்ளிட்ட நிர்வாகத்தினரும் கைதானார்கள். ‘ஸ்கூல் பேரு கெட்டுடும்’ என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய பூட்டு என்று பெற்றோர்களுக்குத் தெரியும். விசாரணைக் குழு வைக்கிறோம், அந்த வாத்தியாரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டோம், நீங்களும் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேசி முடிக்கப் பார்ப்பார்கள். மாற்றலாகிப் போகும் இடத்திலும் குழந்தைகள்தானே இருக்கிறார்கள்? பள்ளிக்குள் எத்தனை கமிட்டி வைத்தாலும், போலீஸுக்குத் தகவல் தரும் கடமையை அது இல்லாமல் ஆக்கிவிடாது.

எத்தனை பேரிடம் சொல்வது?

அம்மாவிடம் ஒரு தடவை. அப்பாவிடம் ஒரு தடவை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ரைட்டரிடம், அப்புறம் இன்ஸ்பெக்டரிடம். அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டரிடம், பிறகு பெரிய டாக்டரிடம். குழந்தைகள் நலக் குழுவிடம். மாஜிஸ்திரேட்டிடம். கடைசியில் சிறப்பு நீதிமன்றத்தில். பத்து வயதுக் குழந்தை தன் உடம்புக்கு நேர்ந்ததை இத்தனை பேரிடம் சொல்லும் நிலை இன்றும் இருக்கிறது. சட்டம் இதைக் குறைக்கத்தான் பார்த்தது.

புகார் கொடுத்தால் போலீஸ் அதை எழுதி, எண் கொடுத்து, கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கும் அதே 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘பெரியவங்க உட்கார்ந்து பேசி முடிச்சுக்குங்க’ என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இதை ஞாபகப்படுத்தலாம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் போக வேண்டும். குற்றம் செய்தவர் குழந்தையோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், குழந்தை அந்த வீட்டிலேயே இருக்கலாமா, வேறு பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டுமா என்பதை நலக் குழு மூன்று நாளில் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன 2020-ல் வந்த விதிகள்.

ஆஸ்பத்திரிக்கும் கட்டளைகள் இருக்கின்றன. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தை நம்புகிற ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தையிடம் ‘போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க’ என்று எந்த டாக்டரும் கேட்கக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரி உட்பட எங்கேயும் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. கொடூரமான ‘இரு விரல் சோதனை’ பாதிக்கப்பட்டவரின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியது. 2022-ல் மறுபடியும் அதைக் கண்டித்து, செய்கிறவர் நடத்தைக் கேட்டுக்குப் பொறுப்பாவார் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்தும் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் மனசை உறுத்துகிறது.

2018 ஜூலையில் சென்னையை உலுக்கிய அடுக்குமாடிக் குடியிருப்பு வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். பகுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 23-வது பிரிவு. அன்றைக்கு நாங்கள், பத்திரிகைக்காரர்கள், அதை எந்த அளவுக்கு மதித்தோம் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். காது கேட்பதில் குறைபாடு உள்ள 11 வயதுச் சிறுமி. அந்தக் குடியிருப்பில் அன்றாடம் வேலை செய்தவர்கள் மாதக் கணக்கில் அவளுக்குச் செய்த கொடுமை. 17 பேர் கைதானார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களை நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அடித்தார்கள். ஊரே அதைக் கைதட்டி வரவேற்றது.

அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு நீதி வாங்கித் தந்தது அந்த அடி கிடையாது. வாக்குமூலம், மருத்துவ அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை என்று ஒவ்வொரு படியாக ஏறிய வழக்கு அது. 2020 பிப்ரவரியில், கைதாகி ஒன்றரை வருஷம் தாண்டிய நிலையில், போக்சோ சிறப்பு நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. விசாரணை நடக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் விடுவிக்கப்பட்டார். காது கேளாத, பேச முடியாத குழந்தைகளுக்காகச் சட்டம் சைகை மொழி தெரிந்தவரையும் சிறப்புக் கல்வியாளரையும் விசாரணைக்குள் கொண்டுவருகிறது. ‘இதால என்ன சொல்ல முடியும்’ என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை உடைப்பவர் அந்த மொழிபெயர்ப்பாளர்தான். அவருக்கான ஃபீஸ் எந்தத் துறை தருவது என்று ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தால் வழக்கும் அங்கேயே நின்றுவிடும்.

நீதிபதி கேட்கும் கேள்வி

போக்சோ நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. முதல் விசாரணையோ குறுக்கு விசாரணையோ, கேள்வியை நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். 33-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அது. சட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்வி இப்படி வரும்: ‘சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதியைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாத நிலையில், பெற்றோர் சொல்லிக் கொடுத்தபடி பொய் சாட்சியம் அளிக்கிறாய் என்றால் சரிதானே?’ முப்பது வயது ஆளே இதற்குத் திணறுவார். நல்ல நீதிபதி அதைக் குழந்தைக்கு இப்படித் திருப்புவார்: ‘அது எப்ப நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா? அப்ப ஸ்கூல் இருந்துச்சா, லீவா?’ குழந்தை சொல்லும்: ‘பொங்கல் லீவு முடிஞ்சு. புது பென்சில் பாக்ஸ் வாங்கினாங்கல்ல, அதுக்கு மறுநாள்.’ அதன் கணக்கில் அதுதான் தேதி. ‘இத யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?’ என்று அடுத்துக் கேட்பார். எதிர்த்தரப்பின் உரிமை எங்கேயும் போகவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. குழந்தை நடுங்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்விகளுக்கு நடுவே அடிக்கடி இடைவேளை விட வேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. மிரட்டும் தொனியிலோ, அதன் நடத்தையைக் கொச்சைப்படுத்தியோ கேட்க விடக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். திரை, ஒருபக்கக் கண்ணாடி, வீடியோ இணைப்பு என்று ஏதோ ஒரு வழியில் குற்றம்சாட்டப்பட்டவரைக் குழந்தை பார்க்காமல் இருக்க ஏற்பாடு வேண்டும். அவருக்குக் குழந்தை பேசுவது கேட்க வேண்டும், தன் வழக்கறிஞரோடு பேச முடிய வேண்டும். நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் முடிய வேண்டும், கூடியவரை ஒரு வருஷத்துக்குள் வழக்கு முடிய வேண்டும்.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. 100-க்கும் மேற்பட்ட போக்சோ வழக்குகள் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே தனி நீதிமன்றம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் உத்தரவிட்டது. நீதிமன்றங்கள் வந்தன. சுவரில் கார்ட்டூன் வரைந்தார்கள், பொம்மை வாங்கி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் சாட்சி சொல்ல வந்த குழந்தை காலை பத்து மணியிலிருந்து காத்திருந்து, மூன்று மணிக்கு ‘இன்னைக்கு வாய்தா’ என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினால் அந்தப் பொம்மையால் என்ன பயன்? நாலாம் வகுப்பில் சொன்னதை ஏழாம் வகுப்பில் வந்து திரும்பச் சொல் என்றால், மறக்கப் போராடிக்கொண்டிருப்பதை மறக்காதே என்று அந்தக் குழந்தைக்கு உத்தரவு போடுகிறோம் என்றுதான் அர்த்தம். இடைப்பட்ட காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். பணம் பேசும். சாட்சிகள் பிறழ்சாட்சிகளாவார்கள். நீளும் ஒவ்வொரு மாதமும் யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூக்கு கேட்பவர்களுக்கு

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். மிகக் கடுமையான குற்றங்களுக்குக் குறைந்தபட்ச தண்டனை 20 வருஷம், உச்சபட்சம் தூக்கு. ஒவ்வொரு கொடூரச் செய்திக்குப் பிறகும் ‘இன்னும் கடுமையான தண்டனை வேண்டும்’ என்ற குரல் எழுகிறது. இந்தக் குற்றத்தைச் செய்பவர் பெரும்பாலும் யார் என்று பார்த்தால், அந்தக் குரலோடு நான் சேர முடியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,62,449. போக்சோவின் கீழ் வரும் கடுமையான குற்றங்களில், குற்றம்சாட்டப்பட்டவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். மாமா, பெரியப்பா, வாத்தியார், வீட்டுக்காரர், வேன் டிரைவர், சில சமயம் அப்பாவே. சம்பாதித்துப் போடும் ஒரே ஆளுக்குத் தூக்கு என்றால், அந்த வீட்டில் குழந்தையின் வாயைப் பொத்த எத்தனை கைகள் நீளும்? ‘உன் மாமாவத் தூக்குல போட்டுடுவாங்கடி’ என்று ஒருவர் சொன்னால் போதும், அந்தக் குழந்தை ஆயுசுக்கும் வாயைத் திறக்காது. தண்டனை கடுமையாக ஆக, அதை எழுதும் நீதிபதியின் கையும் தயங்கும். குற்றவாளியைத் தடுப்பது தண்டனையின் அளவைவிட, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம்தான். அந்த நிச்சயம் குழந்தை பேசுவதிலிருந்து வருகிறது.

சட்டத்தின் சொற்களுக்கு நீதிமன்றங்களே சில சமயம் குறுகலாகப் பொருள் கொண்டதும் நடந்திருக்கிறது. உடையின் மேல் தொட்டால் அது பாலியல் தாக்குதல் ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 ஜனவரியில் சொன்னது. அதே வருஷம் நவம்பர் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தொட்டவரின் பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்றது. குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்களை டவுன்லோடு செய்து தனியாகப் பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதும் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், ‘எச்சரிக்கை’ என்று எழுதி அனுப்புவதும் பரப்புவதுதான். புகார் செய்யுங்கள்.

பதினேழு வயதுக் காதல்

இந்தச் சட்டத்தைப் பேசும்போது தமிழ்நாட்டில் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் பேச முடியாது. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் வீட்டை விட்டுப் போகிறார்கள். பையன் வேறு சாதி. பெண் வீட்டார் புகார் கொடுக்க, பையன் போக்சோவில் உள்ளே போகிறான். 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது என்பதால், அந்தப் பெண் எவ்வளவு அழுது சொன்னாலும் வழக்கு நிற்கும். வேட்டையாடுகிறவனைப் பிடிக்கப் போட்ட சட்டம், சாதியைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் கம்பாகக் கிடைத்துவிட்டது.

2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தார். வளரிளம் பருவத்தினரின் காதலை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது அதன் நோக்கமாக இருந்ததில்லை என்பது அவர் கருத்து. 2022 டிசம்பரில் தமிழ்நாடு டி.ஜி.பி., இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தந்த 283-வது அறிக்கையில், வயது வரம்பைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வயது வரையுள்ளவர்களின் சம்மதம் தெரியும் வழக்குகளில் நீதிபதி தண்டனையைக் குறைக்க இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அதே வயதுப் பெண்களை ஆசை காட்டி ஏமாற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் வரம்பைத் தடாலடியாகக் குறைப்பதில் எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வழக்கையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியில்லை. இங்கேயும் அந்தப் பெண் சொல்வதைக் கேட்க வேண்டும்.

கண்ணை மட்டும் விட்டுட்டு

கொடுமை என்றால் பாலியல் கொடுமை மட்டும்தானா? ‘கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த தலைமுறை நம்முடையது. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-வது விதியைத் திருத்தி 2003-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத் தடுக்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, ஃபீஸ் கட்டாததற்கு வகுப்பு முன்னால் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்துவது எல்லாம் இதில் அடங்கும்.

வீட்டில் அடிப்பதைத் தடுக்க ஸ்வீடன் 1979-லேயே சட்டம் போட்டது. நம் நாட்டில் அப்படி வெளிப்படையான தடை இல்லை. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல், மன வேதனை உண்டாக்கும்படி அடித்தாலோ கைவிட்டாலோ மூன்று வருஷம் வரை தண்டனை என்கிறது. சூடு போடுவது, இருட்டு அறையில் பூட்டுவது எல்லாம் ‘எங்க வீட்டு விஷயம்’ ஆகிவிடாது. அடிக்குப் பயந்து வளரும் குழந்தைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெரியவர்கள் தன் உடம்பை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அது பழகிவிடுகிறது. ‘வீட்ல சொன்னா உனக்குத்தான் அடி விழும்’ என்று வெளியே ஒருவன் மிரட்டினால், அதை நம்பாமல் இருக்க அந்தக் குழந்தைக்கு ஒரு காரணமும் கிடையாது.

கூட நிற்க ஓர் ஆள்

போக்சோ விதிகளில் ‘ஆதரவு நபர்’ என்று ஒருவர் இருக்கிறார். குழந்தைகள் நலக் குழு நியமிப்பவர். போலீஸ் முதல் கோர்ட் வரை குழந்தையோடு நடந்து, அடுத்த வாய்தா எப்போது, குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டாரா, நிவாரணம் எங்கே கேட்பது என்பதையெல்லாம் குடும்பத்துக்குச் சொல்பவர். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் சம்பளம் போவது. அவளுக்கு இந்த ஒரு ஆள் எவ்வளவு பெரிய தெம்பு! இவரை நியமிப்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது, மாநில அரசுகள் இதற்கு முறையான ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை ஆதரவு நபர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மாதா மாதம் பணம் போய்ச் சேருகிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தூக்குக்காக ஊர்வலம் போகிற கட்சிகள் ஒரு நாளாவது இதைக் கேட்டு மனு கொடுக்கட்டும்.

பணமும் உண்டு. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கு நலக் குழு சிபாரிசு செய்தால் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், விடுதலையே ஆனாலும், குழந்தைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு தரலாம். கேட்டால்தான் கிடைக்கும், ஆனால் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

எந்நேரமும் இலவசமாகப் பேச 1098. பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. அவசரம் என்றால் 112. இந்த எண்கள் பெற்றோருக்கு மட்டுமல்ல, குழந்தையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

இதைப் படிக்கிறவர்களில், சின்ன வயசில் தனக்கு நேர்ந்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லாதவர்களும் இருப்பார்கள். ‘இத்தனை வருஷம் கழிச்சு யாரு நம்புவா’ என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். போக்சோ குற்றத்தைப் புகார் செய்ய வயதோ காலமோ வரம்பு இல்லை என்று மத்திய அரசு 2018-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. நடந்தது 2012 நவம்பர் 14-க்குப் பிறகு, அப்போது வயது 18 நிரம்பவில்லை என்றால், இன்றைக்கு முப்பது வயதை நெருங்கினாலும் இந்தச் சட்டத்தின் கீழேயே புகார் கொடுக்கலாம். அதற்கு முன்னால் நடந்தது என்றால் அன்றைய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் பொருந்தும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார். அவரிடம் முதலில் பேசிப் பார்க்கலாம், எஃப்.ஐ.ஆர். வரை போவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.